கூத்துக்கு உரை எழுதக் கூலியா?

பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர், மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று காணும் திரைப்படங்களைப் பற்றி நூல் எழுதுகிறார். அவருக்கு நிறுவனம் ஒன்று பொருளுதவி செய்கிறது. இச்செய்தி காதில் விழுந்த அளவில் நம்மவரிடையே இருவகைச் சிரிப்பு எழக் காண்கிறோம். ஒன்று புலவர் சிரிப்பு: ‘கூத்தாடிகள் தொழிலுக்கு மெய்யியல் ஒரு கேடா?’ என்பது அது. மற்றொன்று கணக்கர் சிரிப்பு: ‘பள்ளிக்குக் கூரையில்லாத நாட்டில் படம் பார்ப்பதற்கும் படியளக்க வேண்டுமா?’ என்பது அது. இவ்விரு சிரிப்பும் அறியாமையின்பாற்பட்டவை என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் கட்சியை முதலிலேயே கூறிவிடுவோம். மக்கள் விரும்பும் படங்களைப் பற்றிச் சிந்தித்து எழுதுவோர்க்குப் பொருள் கொடுக்கத்தான் வேண்டும். ஆயின், கொடுப்பவர் யார், எந்த மொழியில் எழுதுவதற்குக் கொடுக்கிறார், எதைச் செய்யக் கொடுக்கிறார் என்னும் மூன்று வினாக்களில்தான் இன்று பெரும்பிழை நேர்ந்திருக்கிறது. பணம் கொடுக்கப்படுவது பிழையன்று. தமிழர் கண்ணீரையும் களிப்பையும் பற்றிய சிந்தனை, தமிழர் படிக்கவொண்ணா மொழியில், தமிழர் அல்லாதார் பணத்தில், தமிழர் கேளாத அவையில் அரங்கேறுகிறதே, அதுதான் பிழை. அப்பிழையைத் திருத்தும் கடமை வேறெவரினும் தமிழ்ச் சங்கங்களுக்கே உரியது.

முன்னோர் செய்த ஏற்பாடு

கூத்தைப் பற்றிச் சிந்திப்பது புலமைக்கு இழுக்கு என்போர் சிலப்பதிகாரத்தைத் தலையணையாகத்தான் பயன்படுத்துகின்றனர் போலும். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் வகுக்கிறார். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று அளந்து காட்டுகிறார். துறவி ஒருவர் அரங்கின் அளவைத் தம் காப்பியத்தில் வைப்பதற்கு நாணவில்லை, நாம்தாம் நாணுகிறோம்.

அக்காப்பியத்தின் கூத்திலக்கணம் இன்று நமக்கு விளங்குகிறதென்றால் அதற்கு அடியார்க்குநல்லார் உரையே முதற்காரணம். மறைந்துபோன நாடக நூல்களின் பெயர்களையும் செய்திகளையும் நமக்குக் காத்துத் தந்தவர் அவர். அவர் அவ்வுரையை எவ்வாறு எழுதினார்? பொப்பண்ண காங்கேயர்கோன் என்னும் வள்ளல் அவரைப் பேணினான். அந்த வள்ளல் அளித்த சோற்றை உண்ட செருக்கே முத்தமிழுக்கும் உரை சொல்லவைத்தது என்னும் பொருள்பட அமைந்த பழம்பாடல் ஒன்று அவ்வுரையைப் பற்றி வழங்குகிறது. உண்ட சோற்றை மறைக்காத நேர்மை அது! கூத்துக்கு உரை எழுதக் கூலியா என்று கேட்போர்க்கு, ஆம், கூலிதான். அக்கூலி கொடுக்கப்படாதிருந்தால் மாதவி ஆடிய பதினோராடலும் இன்று நமக்கு வெறும் பெயர்களாகவே எஞ்சியிருக்கும் என்பதே விடை.

இன்னொன்றும் கருதத்தக்கது. அரங்கேறிய அன்று மாதவி பெற்றது 1008 கழஞ்சுப் பொன். உரை வகுத்தவர் பெற்றது சோறு. ஆடுவோர்க்குப் பொன்னும் ஆய்வோர்க்குச் சோறும் என்னும் விகிதம் அன்றே இருந்தது. இன்றோ அச்சோற்றையும் ‘எதற்கு?’ என்று கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

மெய்யியலார்க்கும் மக்கள் கதைக்கும் என்ன உறவு என்று ஐயுறுவோர் மணிமேகலையைப் புரட்டட்டும். ஆடற்குலத்தில் பிறந்த பெண்ணொருத்தி வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவை நூல் அவளுக்கு உரைக்கப்படுகிறது. கூத்தின் குடும்பத்திலிருந்தே மெய்யியலின் வாயிலுக்குத் தமிழ் வழி அமைத்தது. நாம் அவ்வழியில் முள்வேலி இட்டுவிட்டு, அதற்குப் ‘புலமை’ என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

பிறர் செய்தவை

மேலைநாட்டார் இவ்வகையில் நமக்கு மிக முன்னரே விழித்துக்கொண்டனர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹியூகோ மூன்ஸ்டர்பர்க், படங்கள் பேசக் கற்பதற்கு முன்பே, 1916ஆம் ஆண்டில் திரைப்படத்தைப் பற்றி நூல் எழுதினார். அதே பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய ஸ்டான்லி கேவல் 1971இல் ஒரு நூலும் 1981இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். பின்னதில் அவர் எடுத்துக்கொண்டவை ஏழு ஹாலிவுட் நகைச்சுவைப் படங்கள். பாமரர் சிரிப்பதற்கென்று எடுக்கப்பட்டவை. பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் கூடும் அக்கதைகளில், ‘மணம் என்பது ஒருநாள் சடங்கா, நாள்தோறும் புதுப்பிக்கப்படும் உடன்பாடா?’ என்னும் வினாவை அவர் கண்டெடுத்தார். ஊடலுக்கு ஒரு திணையையே ஒதுக்கிய தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. ஆனால் நம் படங்களின் ஊடலைப் பற்றி அவ்வாறு எழுதுவதற்கு நாம் எந்தப் பேராசிரியரை அமர்த்தினோம்?

மேலைநாட்டார் செய்தவை அனைத்தும் பொன் என்று கூற வரவில்லை. 1999இல் வெளியான ‘மேட்ரிக்ஸ்’ என்னும் படத்தை வைத்து 2002இல் மெய்யியல் கட்டுரைத் தொகுதி ஒன்று வந்தது; அதையொட்டித் தொலைக்காட்சித் தொடர், அசைபடம், சூப்பர் வீரர் கதை என்று எது விற்குமோ அதன் பெயரோடெல்லாம் ‘மெய்யியல்’ என்னும் சொல்லை ஒட்டிய நூல்கள் வரிசையாக வந்து குவிந்தன. அவற்றுட் பலவற்றில் படம் மீனைப் பிடிக்கும் புழுவாகவே பயன்படுகிறது. தெக்கார்த்தின் ஐயத்தை மாணவன் விழுங்குவதற்காக அதன்மீது பூசிய சர்க்கரையே படம். படம் தானே என்ன சிந்திக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. இத்தகைய எழுத்துக்குப் பொருள் கொடுப்பது வீண் என்று கணக்கர் சிரித்தால், அச்சிரிப்பில் நாமும் கலந்துகொள்வோம்.

நம் நகரிலும் இப்பணி நடந்ததுண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து பெங்களூரில் பண்பாட்டையும் சமூகத்தையும் ஆராய்வதற்கென்று சி.எஸ்.சி.எஸ். எனச் சுருக்கி அழைக்கப்பெற்ற ஆய்வு மையம் ஒன்று அறக்கட்டளை நல்கைகளால் இயங்கிற்று. திரைப்படத்தை அறிவுத்துறை ஆய்வுக்குரிய பொருளாக இந்தியாவில் நிலைநாட்டியதில் அம்மையத்தின் பங்கு பெரிது. அங்குப் பணியாற்றிய மாதவ பிரசாத், பின்னர் 2014இல் வெளியிட்ட ‘சினி-பாலிடிக்ஸ்’ என்னும் ஆங்கில நூலில், எம்.ஜி.ஆர்., என்.டி. ராமராவ், ராஜ்குமார் ஆகிய மூவரையும் ஒருசேர எடுத்துக்கொண்டு, மொழிவழி மக்களினம் ஒன்று ஒரு நடிகரைத் தன் தலைவராக உணர்வது எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்ந்தார். அங்கிருந்த எஸ்.வி. ஸ்ரீநிவாஸ் தெலுங்கு நடிகர் சிரஞ்சீவியையும் அவருடைய ரசிகர்களையும் பற்றி 2009இல் நூல் வெளியிட்டார்.

கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் ஒரே தெருவில் குடியிருக்கும் பெங்களூருக்கு இவற்றினும் வேண்டிய நூல்கள் வேறென்ன? அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராம்புரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தம் அண்டை வீட்டாரின் உள்ளத்தையும் தம் உள்ளத்தையும் அறிந்துகொள்ள உதவும் நூல்கள் அவை. ஆயினும் அக்குடும்பங்களுள் எத்தனை அவற்றைக் கையால் தொட்டிருக்கக்கூடும்? நூல் ஆங்கிலத்தில், நடையோ ஆங்கிலம் கற்றவரையும் மூச்சுத் திணறவைக்கும் ஆய்வு நடையில்.

இருபத்துநான்கு ஆண்டுகள்

இப்பிழையின் அளவை ஒரே எடுத்துக்காட்டால் காட்டலாம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரின் திரைத்தோற்றத்தையும் ஆட்சியையும் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1992இல் வெளிவந்தது. ஏழையின் காவலராகத் திரையில் தோன்றியவரின் ஆட்சியில் ஏழை உண்மையில் பெற்றது என்ன என்று துணிந்து கேட்ட நூல் அது. அந்நூலுக்குரிய மெய்யான வாசகர் யார்? எம்.ஜி.ஆர். படத்தை வீட்டில் மாட்டி விளக்கேற்றியவர், அவருடைய மகன், அவருடைய பேத்தி. அவர்கள் கைக்கு அது ‘பிம்பச் சிறை’ என்னும் பெயரில் தமிழாகி வந்தது 2016இல். இடையில் கழிந்தவை 24 ஆண்டுகள். நூலாசிரியரோ 2014இலேயே மறைந்துவிட்டார். தம் நூலைத் தமிழ் வாசகன் ஒருவன் படித்து, ‘ஐயா, நீர் சொல்வது தவறு’ என்று சண்டைக்கு வருவதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. எழுதியவனுக்கும் எழுதப்பட்டவனுக்கும் இடையே ஒரு தலைமுறையையே சுவராக எழுப்பிய ஏற்பாட்டை அறிவுப்பணி என்று எவ்வாறு முழுமனத்தோடு போற்றுவது?

எழுதியோரைக் குறை கூறுவதில் பயனில்லை. நல்கை ஆங்கிலத்தில் வருகிறது. பதவி உயர்வு ஆங்கில ஆய்விதழைப் பார்த்தே அளிக்கப்படுகிறது. கூலி எந்த மொழியில் அளக்கப்படுகிறதோ அந்த மொழியில்தான் பயிர் விளையும். இத்தடையையும் மீறித் தமிழுக்கு உழைத்தவர் சிலர் உளர். சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்துகொண்டே தமிழ்த் திரைப்பட வரலாற்றைத் தேடித் தொகுத்தார். 1996இல் அவர் எழுதிய ஆங்கில நூல் தேசிய விருது பெற்றது. ‘எம் தமிழர் செய்த படம்’ முதலிய நூல்களால் தமிழிலும் அவ்வறிவை வழங்கினார். ஓய்வுபெற்றபின் நம் பெங்களூரிலேயே குடியமர்ந்தார். பிலிம் நியூஸ் ஆனந்தன் படங்களின் பெயர்களையும் நிழற்படங்களையும் பிறர் கேட்காமலே வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்தார். ஜெயகாந்தன் 1972இல் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ எழுதி, ரசிக மனத்தின் அவலத்தை ஆய்வாளர்க்கு முன்பே காட்டினார். தமிழில் திரைச்சிந்தனை பெரும்பாலும் அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதிலேயே வளர்ந்தது. தனிமனிதர் ஆர்வத்தை நம்பி ஒரு துறையை விட்டுவைப்பது, மழையை நம்பிக் குளத்தைத் தூர்வாராமல் இருப்பது போன்றது.

தாய்மொழியில் இஃது இயலாது என்போர்க்கு அண்டை வீட்டைக் காட்டுவோம். சிவமொக்கா மாவட்டத்துச் சாகர வட்டத்தில் ஹெக்கோடு என்பது கமுகந்தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். அங்கே 1949இல் தோன்றிய நீநாசம் என்னும் அமைப்பு, கே.வி. சுப்பண்ணாவின் தலைமையில், 1970களிலிருந்து உலகப் படங்களை ஊராருக்குத் திரையிட்டது. திரைப்பட ரசனை வகுப்புகளைக் கன்னடத்திலேயே நடத்தியது. திரைப்பட நூல்களைக் கன்னடத்தில் வெளியிட்டது. உழவரும் ஆசிரியரும் குரோசவாவின் படத்தைக் கண்டு தம் மொழியில் வாதிட்டனர். சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது. கன்னடர் ஒரு சிற்றூரில் செய்ததைத் தமிழர் ஒரு மாநகரில் செய்யவில்லை என்பது நாம் விழாமேடைகளில் சொல்லிக்கொள்ள விரும்பாத செய்தி.

மெய்யியலார் எதற்கு?

சமூகவியலாரும் வரலாற்றாளரும் எழுதினால் போதாதா, மெய்யியலார் எதற்கு என்று கேட்கலாம். மக்கள் ஏன் பார்க்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. பார்த்ததில் மெய் உண்டா, அறம் உண்டா என்பது வேறு கேள்வி. முன்னதற்கு விடை தேடுவோர் பலர். பின்னதைத் தம் தொழிலாகவே கொண்டவர் மெய்யியலார். நம் பல்கலைக்கழக மெய்யியல் துறைகளில் சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் தக்க மதிப்போடு பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவையே. ஆனால் இன்றைய தமிழ் இளைஞன் வினை என்பது என்ன, விதி என்பது என்ன, பழிக்குப் பழி அறமாகுமா என்பவற்றை ஆகம நூலிலா கற்கிறான்? திரையரங்கின் இருளிலன்றோ கற்கிறான்! பாடம் நடக்கும் இடத்துக்கு ஆசிரியர் செல்ல மறுப்பது என்ன முறை?

கருநாடகத் தமிழர்க்கு மிக நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கோலார் தங்கவயலை அறியாத கருநாடகத் தமிழ்க் குடும்பம் இல்லை. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கம் நடத்தத் தொடங்கிய காலத்திலிருந்து வடஆற்காடு முதலிய மாவட்டங்களின் ஏழைத் தமிழர், அவருள்ளும் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர், அங்கே மண்ணுக்கடியில் இறங்கினர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அந்நிலத்தை வைத்து இருவகைப் படங்கள் வந்தன. 2018இலும் 2022இலும் வெளியான ‘கே.ஜி.எஃப்.’ என்னும் கன்னடப் படத்தின் இரு பகுதிகளும் நாடெங்கும் ஓடிப் பெரும்பொருள் ஈட்டின. அதில் சுரங்கத் தொழிலாளர் பேரில்லாத அடிமைக் கூட்டம். வெளியிலிருந்து வரும் ஒரு வீரன் கையால் விடுதலை பெறக் காத்திருப்பவர்கள். 2024இல் பா. ரஞ்சித் இயக்கிய ‘தங்கலான்’ என்னும் தமிழ்ப் படமோ அம்மண்ணுக்கு முதலில் சென்ற உழைப்பாளியையே நாயகனாக்கி, பொன் யாருடையது, நிலம் யாருடையது என்று கேட்கிறது. ஆயின் தொன்மமும் கனவும் கலந்த அதன் மொழி, கேட்க வந்த வினாவையே சில இடங்களில் புழுதியால் மூடிவிடுகிறது.

இவ்விரண்டில் எது வென்றது, எது தோற்றது என்பதை வணிக ஏடுகள் எழுதிவிட்டன. மெய்யியலார் கேட்க வேண்டியவை வேறு. கற்பனைக் கதைக்கு இறந்தவர்களிடம் கடன் உண்டா? தொழிற்சங்கம் கண்டு, தாமே போராடிய மக்களை மீட்பனுக்காக ஏங்கும் மந்தையாகக் காட்டுவது பொய்யா, வெறும் புனைவா? ஒருவன் கொடுக்கும் விடுதலை விடுதலையாகுமா? சுரங்கத்தில் இறங்கிய பாட்டனின் பேரன் இன்று பெங்களூர்க் கணிப்பொறி நிறுவனத்தில் அமர்ந்து அப்படத்துக்குக் கைதட்டுகிறான். அக்கைதட்டலைப் பழிப்பது எளிது. அவனோடு அமர்ந்து, ‘தம்பி, நீ கைதட்டியது யாருக்கு?’ என்று தமிழில் கேட்பதுதான் அரிது. அவ்வரிய பணிக்குக் கூலி கொடுப்பது குற்றமா?

மற்றொன்று. தமிழகத்தின் தலைசிறந்த திரைத்தலைவர் இருவரை எண்ணுக. எம்.ஜி.ஆர். இலங்கையின் கண்டிப் பகுதியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். ரஜினிகாந்த் 1950இல் இதே பெங்களூரில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்து, இந்நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பிறப்பால் தமிழர் அல்லாத இருவரைத் தமிழ் மக்கள் தம் உயிரெனக் கொண்டாடினர். பிறப்பால் தமிழரான நாமோ பிறமொழி மாநிலத்தில் வாழ்கிறோம். ஒருவனை ஓர் இனத்தான் ஆக்குவது குருதியா, மொழியா, அன்பா? ‘நீ எந்த ஊர்?’ என்று கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் குடிபெயர்ந்த குடும்பத்தின் குழந்தை இவ்வினாவைச் சந்திக்கிறது. 1952இல் வந்த ‘பராசக்தி’யின் குணசேகரனும் இரங்கூனிலிருந்து தாய்மண்ணுக்கு வந்து, அம்மண்ணில் தன்னை அறிவார் ஒருவரும் இன்றித் திகைத்தவனன்றோ? அந்தப் படத்தின் அடுக்குமொழி வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்துக் கைதட்டல் பெற்ற நாம், திரும்பி வந்தவனுக்கு நாடு என்ன கடன்பட்டிருக்கிறது என்னும் அதன் வினாவை அரைநூற்றாண்டுக்கு மேலாக மேடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இவை ஏட்டு வினாக்கள் என்று எண்ணற்க. பெங்களூரில் ஒரு திரைப்படம் வெளியாகுமா ஆகாதா என்பது தமிழ்க் கடைக்காரர் கதவைத் திறப்பதா அடைப்பதா என்பதோடு பிணைந்திருக்கிறது. 1991இல் காவிரித் தீர்ப்பையொட்டித் தமிழர் பட்ட துயரம் முதியோர் நெஞ்சில் ஆறாமல் உள்ளது. 2000ஆம் ஆண்டில் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது இந்நகரத் தமிழர் மூச்சை அடக்கி நாட்களை எண்ணினர். 2018இல் ரஜினிகாந்தின் ‘காலா’ காவிரி பற்றிய அவர் சொல்லால் இங்குத் தடையைச் சந்தித்தது. பிறந்த ஊரே தன் மகனின் படத்தை மறித்தது. 2025இல் கன்னட மொழியின் பிறப்புப் பற்றிக் கமல்ஹாசன் கூறிய ஒரு சொல்லால், ஜூன் 5ஆம் நாள் பிற இடங்களில் வெளியான ‘தக் லைஃப்’ கருநாடகத்தில் திரையேறவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தமிழும் கன்னடமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள் என்பதே ஒப்பியல் மொழிநூலார் கொள்கை. இவ்வெளிய உண்மையை இரு மொழியிலும் அமைதியாக எடுத்துச்சொல்லும் குரல் அன்று கூச்சலில் அமிழ்ந்தது. நடிகர் ஒரு சொல் சொன்னார், கூட்டம் கொதித்தது, நீதிமன்றம் ஆணையிட்டது. சிந்திப்பவருக்கு மட்டும் அந்த நாடகத்தில் வேடமே இல்லை. அவரை நாம் முன்னமே பேணி வைக்கவில்லை. தேவைப்பட்டபோது அவர் எவ்வாறு வருவார்?

மறுப்புகளும் விடைகளும்

‘பணம் வாங்கியவன் புகழத்தானே செய்வான்?’ என்பர். உண்மை, எனவேதான் கொடுப்பவர் யார் என்று கேட்கிறோம். தயாரிப்பாளர் கொடுத்தால் உரை விளம்பரமாகும். நடிகர் கொடுத்தால் பள்ளியெழுச்சியாகும். அரசு கொடுத்தால் ஆளும் கட்சியின் நாட்காட்டியாகும். தொலைவிலுள்ள அறக்கட்டளை கொடுத்தால் உரை அவ்வறக்கட்டளைக்கு விளங்கும் மொழியில் அமையும். எஞ்சியிருப்பவர் யார்? நுழைவுச்சீட்டு வாங்கிய மக்கள், அவர்தம் சங்கங்கள். படத்துக்குப் பணம் கொடுத்தவரே படத்தைப் பற்றிய சிந்தனைக்கும் கொடுத்தால், எழுதுவோன் வேறெவரிடமும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை.

‘இலக்கியத்துக்கே பணம் இல்லை, படத்துக்கு எங்கே போவது?’ என்பர். தமிழ் விழாக்களின் செலவுக் கணக்கை ஒருமுறை விரித்துப் பாருங்கள். சின்னத்திரையில் முகம் தெரிந்தவர் ஒருவர் அரைமணி நேரம் வந்து கையசைத்துச் செல்வதற்கு வானூர்தியும் விடுதியும் பொன்னாடையும் உறையும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. பட்டிமன்ற நடுவருக்கு, ‘கணவன் சிரிப்பா, மனைவி சிரிப்பா’ என்று தீர்ப்புக் கூறுவதற்குத் தக்க தொகை தரப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் பணம் உண்டு. ஒருவர் ஆறு திங்கள் உழைத்து எழுதும் உரைக்கு மட்டும் பஞ்சம் வந்துவிடுகிறது! விபுலானந்த அடிகள் பதினான்கு ஆண்டு ஆய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாகவன்றோ வெளிவந்தது? சங்கம் என்னும் சொல்லுக்கு அன்று அப்பொருள் இருந்தது.

‘நம் பிள்ளைகள் படம் பார்த்துக் கெடுகிறார்கள், நாமே அதற்குத் துணைபோவதா?’ என்பர். பெற்றோர் கவலை மதிக்கத்தக்கது. ஆனால் உண்மையை நோக்குவோம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் பயிலும் பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சுக்கு அப்பால் எஞ்சியிருக்கும் தமிழ் எது? பெரும்பாலும் திரைப்படத் தமிழே. அதுவே அவன் ஏறக்கூடிய முதற்படி. அப்படியை இடித்துவிட்டுக் குறளின் உச்சியிலிருந்து அவனை வாவென்று அழைப்பது பயன்தராது. அவன் கண்ட படத்தைப் பற்றி, அவன் மதிக்கும் அறிவோடு, எளிய தமிழில் எழுதப்பட்ட ஒரு நூலைக் கையில் கொடுங்கள். அதைப் படிப்பதற்காகவேனும் எழுத்தைக் கற்பான்.

செய்யத்தக்கது

1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரியின் அருகே தனக்கெனக் கட்டடமும் நூலகமும் உடையது. அவ்வேரிக்கு அண்மையில், பல்லாண்டு மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. சில நாட்களில் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. கல்லில் கண்ட நட்பைக் கருத்திலும் காண்பது அடுத்த படி. ஆண்டுக்கு ஒரு படம். தமிழரும் கன்னடரும் பெருந்திரளாகக் கண்ட படமாக அஃது இருக்கட்டும். மெய்யியல் கற்பிக்கும் ஒருவருக்குத் தக்க மதிப்பூதியம் கொடுத்து, ஐம்பது பக்க அளவில் ஓர் உரை எழுதச் சொல்வோம். கட்டளைகள் மூன்று போதும். தமிழில் எழுதுக, பிரெஞ்சுச் சிந்தனையாளர் நால்வர் பெயரைத் தோரணம் கட்டாமல், பத்தாம் வகுப்புப் படித்தவருக்கு விளங்க எழுதுக. படத்தை விளக்குவதோடு நில்லாமல், அது கூறுவது மெய்யா பொய்யா, அறமா மறமா என்று தீர்ப்பும் கூறுக. அத்தீர்ப்பு எமக்குக் கசப்பினும் கூறுக. எழுதியதைச் சங்க அவையில் அரங்கேற்றி, கன்னடத்திலும் பெயர்த்து வெளியிடுவோம்.

மூன்றாம் கட்டளைதான் நமக்கு உண்மையான தேர்வு. நாம் போற்றும் நடிகரை அவ்வுரை கடிந்தால் அவையில் நாற்காலிகள் பறக்கக்கூடும். நன்கொடையாளர் முகம் சுளிக்கக்கூடும். அப்போதும் பேசியபடி ஊதியத்தைக் கையில் கொடுத்து, அடுத்த ஆண்டுக்கும் அழைப்போமாயின் நாம் சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தவர் வழியில் வந்தவர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி உடையோம். இயலாதாயின், நாமும் ஒரு ரசிகர் மன்றம்; பெயர்ப்பலகையில் மட்டும் எழுத்து வேறு.

ஆடியவர்க்குப் பொன் வேண்டிய அளவு கொடுத்தாயிற்று. இனி உரைகாரர்க்குச் சோறு போடுவோம்.